நொண்டியா, கொட்டாவியா

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். காட்டுவது அப்பா. பெண் நான். பெட்டிக்குள் இருந்தவை கட்டையில் செதுக்கிய மீன்கள்.

அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து பென்ஷன் ஆனவர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, பாப்பனங்கோட்டில் ஒரு வீட்டைக் கட்டி, அங்கேயே இருந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு வீட்டில் அவரும் நானும்தான். நான் மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சபைக்குப் போவோம். சனிக்கிழமை வெள்ளாயணிக் காயலுக்கு விரால் பிடிக்கப் போவோம். மீதி நாட்களில் அப்பா போன சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் வருகிற சனிக்கிழமையைப் பற்றி.

பெட்டி அவருடைய மேலதிகாரியாக இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது. அதிலிருந்த கட்டைகள் அமெரிக்காவில் ‘பாஸ்’ என்ற மீனைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவையாம். அந்த மீனை அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. பெரிய வாயும் முன்கோபமும் உள்ள மீன் என்று துரை சொல்லியிருந்தார். “அப்பம் நம்ம வெராலுக்குச் சொந்தக்காரனாக்கும்” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். முடிவு சரியாகவே இருந்தது. தங்களுக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது வெள்ளாயணி விரால்களுக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டைகள் தண்ணீருக்குள் மூழ்காது. மேலேயே மிதக்கும். தூரத்தில் வீசிவிட்டு நூலை இழுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். அதை வைத்து நான் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தேன். வாய்ப்பக்கம் குழியாகச் செதுக்கியிருந்தது கொட்டாவி. சுண்டி இழுத்தால் ‘குளுக்’ என்று தண்ணீரை விழுங்குகிற சத்தம் கேட்கும். முன்னும் பின்னும் தகட்டு இறக்கை வைத்தது விசிறி, அது சடசடவென்று நுரை கிளப்பிக்கொண்டு வரும். பச்சையும் பொன்னுமாகச் சாயம் பூசி, கண்ணெல்லாம் வைத்த ஒன்று தவளை. சுருட்டு மாதிரி உருண்டு நீண்ட, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத கட்டை நொண்டி. அது சத்தம் போடாமல் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி ஆட்டி வரும், அடிபட்ட மீன் தப்பிக்கப் பார்க்கிற மாதிரி.

எதை எப்போது போடுவது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. காற்றில்லாமல் காயல் கண்ணாடியாகக் கிடக்கும் காலையில் நொண்டி. சத்தம் போட்டால் அந்த அமைதியில் விரால் மிரண்டு போகும். காற்றடித்துத் தண்ணீர் கலைந்து கிடந்தால் கொட்டாவி அல்லது விசிறி, ஏனென்றால் அப்போது சத்தம் போட்டால்தான் மீன் திரும்பிப் பார்க்கும். தாமரை இலைகளுக்கு நடுவே தவளை, அதன் தூண்டில் முள் மேல்நோக்கி இருப்பதால் இலையில் மாட்டாது. சாயத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. மீன் கீழேயிருந்து வயிற்றைத்தான் பார்க்கிறது. முதுகில் பூசிய பொன்னெல்லாம் கடையில் வாங்க வருகிறவருக்கு.

அந்தக் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் கட்டையை எடுத்துக் கொடுப்பது நான்தான். பட்டு நூலைக் கோத்து முடிச்சுப் போடுவதும் நான்தான். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். “வெயிலு கூசுது மக்ளே, நீ கெட்டு” என்று நூலை நீட்டுவார். மேகம் மூடிக் கிடக்கும் ஆடி மாதத்திலும் அவருக்கு வெயில் கூசும். விரால் எங்கே மேலே வந்து புரண்டது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். “வலத்து பக்கம், தாமரைக்கு இங்கிட்டு, ரெண்டு ஆள் தூரம்” என்றால் கட்டை அங்கே போய் விழும். கைக்கு ஒரு குறையும் வரவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு நல்ல மீன்பிடிக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது கல்யாண விஷயம். எனக்குக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என்னோடு படித்தவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சபைக்கு வருவார்கள். நான் பின்வரிசையில் அப்பாவுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நாகர்கோவிலில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, விடாமல் மாப்பிள்ளை தேடினாள். வருகிறவர்களிடம் அப்பா ஒரே நிபந்தனை வைத்தார். சனிக்கிழமை காலையில் வர வேண்டும், காயல் கரை வரம்பில் நின்று, பெட்டியைப் பார்த்து, அன்றைக்கு எந்தக் கட்டையைப் போடலாம் என்று எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“எடுக்கதுல தெரிஞ்சுபோவும் ஆளு எப்பிடின்னு” என்பார்.

“பொண்ணு பாக்க வந்தவன சேத்துக்குள்ள எறக்குத வீடு ஒலகத்துல வேற எங்கயாவது உண்டுமா?” என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அண்ணன் சொல்லைத் தட்ட மாட்டாள்.

முதலில் வந்தவர் வக்கீல் குமாஸ்தா. பெட்டியைத் திறந்ததும் தவளையைத் தூக்கிவிட்டார். அன்றைக்கு நாங்கள் நின்ற இடத்தில் ஒரு தாமரை இலைகூட இல்லை. “சாயத்தப் பாத்துட்டாரு” என்று அப்பா வரும் வழியில் சொன்னார். எனக்கும் அவர்மேல் பெரிய ஆசை இல்லாததால், சரிதான் என்று விட்டுவிட்டேன். அவர் என்னிடமும் புடவை நிறத்தைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது ஆள் திருநெல்வேலிக்காரர், ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகியவர். காற்று ஒரு பொட்டு இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பெட்டிக்குள் கை விட்டு நொண்டியை எடுத்தார். எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. அப்பா அதைத் தடவிப் பார்த்து, “தப்பாக்கும். இன்னும் கொஞ்ச நேரத்துல காத்து வரும்” என்றார். நாங்கள் வெயில் ஏறும்வரை நின்றோம். காற்று வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே போனார், திரும்ப ஆள் அனுப்பவில்லை. அன்றைக்கு ராத்திரி அப்பா வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஆளை அத்தை கொண்டுவருவதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும், அவரவர் கொண்டுவந்து படைத்த வாழைக்குலை, தேங்காய், கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்த பூசணிக்காயை நான் கொண்டுபோயிருந்தேன். ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம், அவ்வளவு பெரியது. யாரும் கேட்கவில்லை. ஏலம் விட்டவர் இரண்டாம் தரமும் கூவியபோது, பின்னால் நின்ற ஒருவர் பாவம் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க், லீவில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர். பூசணிக்காய் அவர் தலையில் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு மலைக்குப் போகிற பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று தெரியாமல், சபை வாசலில் அதைக் கட்டிப்பிடித்தபடி வெகுநேரம் நின்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் இதற்குமேல் சொல்லத் தெரியாது.

அவரைத்தான் அத்தை அடுத்த சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பூசணிக்காய் எடுக்கத் தெரியாதவருக்குக் கட்டை எடுக்கத் தெரியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். மழை இல்லை, காற்று இல்லை, காலையில் காயல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நொண்டியை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் புதைத்தேன். தூக்கினால் கனம் தெரிய வேண்டுமே என்று புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து, பெட்டிக்குள் கட்டைகள் இருந்த அறைக்கு ஒன்றாக வைத்தேன். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் நான்கு பேரும் வரம்பில் நின்றோம். அத்தை குடை பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். காயல் அசையவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

“எடுங்க பாப்போம்” என்று அப்பா பெட்டியை நீட்டினார்.

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு கட்டையும் சில துணி முடிச்சுகளும். அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் பார்வை பெட்டிக்குக் கொஞ்சம் பக்கத்தில், காற்றில் நின்றிருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். என் முகம் சிவந்திருக்க வேண்டும்.

அந்த மனிதர் செய்ததை என்னால் மறக்க முடியாது. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு புளியங்கொட்டை முடிச்சைத் தூக்கினார். “இது வேண்டாம்” என்று வைத்தார். இன்னொன்றைத் தூக்கி, யோசித்து, அதையும் வைத்தார். கடைசியில் நொண்டியை எடுத்து, “எனக்கு இதுதான் சரின்னு படுது சார்” என்றார். சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிறவர்கூட அவ்வளவு கவனமாகப் பொறுக்க மாட்டார்.

அப்பா அதை வாங்கி விரலால் தடவினார். தலையிலிருந்து வால்வரை ஒருமுறை, திரும்ப ஒருமுறை.

“தப்பாக்கும்” என்றார். “தவளையப் போட்டிருக்கணும்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “போன சனியாச்ச இதே எடத்துல, இதே நேரத்துல, நீங்க இதத்தானே போட்டிய? வெராலு கெடைக்கலியா?” என்றேன். அந்நியர் முன்னால் அப்பாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தை குடையை மடக்கிவிட்டாள்.

“அது நீ எடுத்துத் தந்தது” என்றார் அப்பா.

“நான் எடுத்தா சரி, அவங்க எடுத்தா தப்பா?”

அப்பா கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். “நீ போயிட்டா எனக்கு எடுத்துத் தர யாரு மக்ளே இருக்கா?” என்று கேட்டார். அது என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, தண்ணீரைக் கேட்ட மாதிரியும் இருந்தது. அவர் கண்ணைப் பற்றி வெயிலைக் குற்றம் சொல்லாமல் பேசியது அன்றைக்குத்தான்.

தாமரைப் பக்கத்தில் ஒரு விரால் மேலே வந்து மூச்சு வாங்கிப் புரண்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம், அப்பாவும்.

“போனக்காட்டுல கொளம் உண்டுமா?” என்று அப்பா அவரிடம் கேட்டார்.

“அருவி உண்டு சார். வெரால் கெடையாது” என்றார் அவர். இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்பா தலையாட்டினார். பிறகு பெட்டியை என்னிடம் கொடுத்து, “புளியங்கொட்டய எடுத்து வெளிய கள” என்றார். “பெட்டிய வாங்குனதும் தெரிஞ்சுபோச்சு. கட்ட கெடந்தா முள்ளு கலகலன்னு கேக்கும். இது செத்த பெட்டியா கெடக்கு. அவரு தூக்கி வச்சப்பம் புளியங்கொட்ட ஒரசுன சத்தமும் கேட்டுது. அவரப் புடிச்சிருக்குன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“சொன்னா விட்டிருப்பியளா?”

அவர் யோசித்தார். “விட்டிருக்க மாட்டேன்” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் குடம்புளி போட்டு விரால் குழம்பு வைத்தேன். அதற்கான மீனை நொண்டிதான் பிடித்தது, நான் இடம் சொல்ல, அப்பா வீச. போனக்காட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பூசணிக்காய் என்ன ஆயிற்று என்று. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே மலைவரை போனதாகவும், தொழிலாளர் லயத்தில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்ததாகவும் அவர் சொன்னார். அப்பா சிரித்தார். அத்தை அப்போதே எழுந்துபோய்த் தாம்பூலத் தட்டு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாணம் ஆகிப் போனக்காட்டுக்குப் போனேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை வந்தால் மனது ஒரு நிலையில் நிற்காது. மலையில் மூடுபனி. அவர் ஆபீசுக்குப் போய்விடுவார். நான் ஜன்னல் பக்கம் நின்று, இப்போது அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைப்பேன். நூல் கோக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்பார். இப்படி நானாகவே எதையாவது நினைத்துக்கொண்டு அழுவேன். எங்களோடு வந்து இருக்கச் சொல்லி என் வீட்டுக்காரரும் கூப்பிட்டுப் பார்த்தார். “அருவியில என்ன செய்யதுக்கு?” என்று அப்பா மறுத்துவிட்டார்.

முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை இருட்டும் நேரம். அப்பா கொஞ்சம் மெலிந்திருந்தார், மற்றபடி குறை ஒன்றும் தெரியவில்லை. காலையில் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடன் காயலுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இத்தனை மாதங்களுக்குப் பிறகு அவருக்கு நல்ல கண் கிடைத்துவிட்டது, இன்றைக்குப் பாருங்கள் என்று.

காற்று இல்லை. காயல் கண்ணாடியாகக் கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை, நொண்டியை எடுத்து நீட்டினேன்.

அப்பா தடவிப் பார்த்துவிட்டு, “தப்பாக்கும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரா என்று நினைத்தேன். அவர் பெட்டிக்குள் கையை விட்டார், முதல் தொடுதலிலேயே கொட்டாவியை எடுத்தார். நூலின் நுனியைப் பல்லால் கடித்து, நாக்கால் ஈரமாக்கி, ஓட்டைக்குள் விட்டார். கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் கோத்துவிட்டார்.

“காத்தே இல்லியே அப்பா. இதப் போட்டா மீனு மெரளாதா?”

“கொஞ்சம் மெரளும். மெரளாததும் நாலு கெடக்கும்.” கட்டை பறந்துபோய்த் தூரத்தில் விழுந்தது. ஒரு சுண்டு. ‘குளுக்.’ அப்பா தலையைச் சாய்த்து நின்றார். “நொண்டி சத்தம் போடாது மக்ளே. அது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியாது. இது எங்க நிக்கின்னு எனக்கிட்டச் சொல்லும்.”

இரண்டாவது சுண்டு. இடப்பக்கத்தில் தாமரைக்குள் தண்ணீர் புரண்டது. நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கட்டையை இழுத்துச் சுற்றி எடுத்து, வீசிவிட்டார். நான் சொல்லியிருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அது பரவாயில்லை. விரால் அந்த ஒரு முழத்தை ஓடி வந்தே அடித்தது.

மீனைக் கரைக்கு இழுத்துப் போட்டு, முள்ளைக் கழற்றும்போது நான் கேட்டேன். “எடம் எப்பிடித் தெரிஞ்சது?”

“கேக்குதுல்லா.”

“முந்தி கேக்கலியா?”

அப்பா மீனைக் கூடையில் போட்டு மூடினார். “நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருப்ப” என்றார். “உன் சத்தத்துல நான் வேற ஒண்ணும் கேட்டதில்ல.”

நான் கையில் இருந்த நொண்டியைப் பெட்டியில் வைத்தேன். கொஞ்சம் அழுதேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் அழுதேன், ஆனால் அவர் நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் வீசினார். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன்.